வாய்க்காலுக்கு மேல் நிறுத்திய கார்

எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு பாசன வாய்க்கால் போகிறது. இடுப்பளவு ஆழம், ஒரு கயிற்றுக் கட்டிலின் அகலம். ஆற்றில் தண்ணீர் விடும்வரை அது காய்ந்து, எருக்கஞ்செடி முளைத்துக் கிடக்கும். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் டிராக்டர், வேன் வைத்திருப்பவர்கள் அடிப்பக்கம் வேலை பார்க்க வேண்டுமென்றால், இந்தக் கரையில் இரண்டு சக்கரமும் அந்தக் கரையில் இரண்டு சக்கரமுமாக வாய்க்காலின் மேலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல்லை அண்டைகொடுத்துவிட்டு ஆள் உள்ளே இறங்கி உட்கார்ந்தால், வண்டியின் அடிப்பாகம் தலைக்கு மேல் கூரைபோல் இருக்கும். தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.

அந்த வருஷம் நானும் அதற்குள் இறங்கினேன். கையில் ஒரு கம்பி பிரஷ், ஒரு திருப்புளி, தலையில் துண்டு. என் கணவர் கரையில் நின்று சொன்னார்:

"அதான் உங்க அண்ணன் தார் பூசித்தானே குடுத்தாரு. அதுக்கு மேல நீ என்ன கண்டுபிடிக்கப் போறே?"

"கண்டுபிடிக்க இல்லங்க. பேணணும்ல. மழைக்காலம் வருது."

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சவளைக் கட்டுனா கார் துரு புடிக்காதுன்னு யாராச்சும் முன்னாலயே சொல்லியிருக்கலாம்" என்றபடி அவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் அவர் ஆசிரியர்.

நான் பேண வேண்டும் என்று சொன்னது உண்மை. அந்தக் கார் என் அண்ணன் எனக்குச் செய்த சீர். அப்போது எங்கள் பக்கம் ஓடிய இரண்டு வகைக் கார்களில் சின்னது. வெள்ளை நிறம். பழையதுதான், ஆனால் எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். கழுவி நிறுத்தும்போதெல்லாம் அடியிலிருந்து காவி நிறத்தில் தண்ணீர் சொட்டி, கொட்டகையின் சிமெண்டுத் தரையில் கறையாகப் படிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். தார் எங்கேயாவது பெயர்ந்திருக்கும், அந்த இடத்தைச் சுரண்டி மறுபடியும் பூசிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் கொடுத்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கார் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று இந்த மாநிலத்தில் சட்டம் வந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆனது, அதனால் அந்தப் பங்கு எனக்கும் உண்டு. அந்தச் சட்டம் வந்தபோது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கூட்டம் போட்டார்கள். என் அண்ணன் அப்போது கட்சியில் கிளைச் செயலாளர். மேடையில் ஏறி, துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "என் தங்கைக்கும் எனக்கும் இனி வரப்பு ஒன்றுதான்" என்று பேசினார். கீழே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா இறந்து அதிக நாள் ஆகாத நேரம் அது.

எங்கள் நிலம் தரங்கம்பாடிக்குப் போகும் வழியில், கடலை ஒட்டிய கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். எனக்கு மகள் பிறந்து அவள் குப்புற விழத் தொடங்கியிருந்தபோது அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதிக்கொடுப்பது அது.

"சட்டம் போட்டதே நம்ம ஆளுங்கதாம்மா. நான் மேடையேறிக் கத்தியிருக்கேன். அதுக்காக அண்ணன் தங்கச்சிக்குள்ள சட்டம் பேசிக்குவோமா?" என்று சிரித்தார். "கடைமடை நிலம். உப்பு ஏறிப் போச்சு. குத்தகைக்குக்கூட ஒருத்தன் வரமாட்டேங்கறான். உன் பேரும் கெடந்தா ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீ கைப்புள்ளைய தூக்கிக்கிட்டு ஓடியாரணும். உனக்கு ஏன் அந்தக் கஷ்டம்? நான் உன்னைச் சும்மா விட்டுடுவேனா? என் காரை எடுத்துக்க. புள்ளைய வெயில்ல பஸ்ஸுக்கு நிக்க வைக்காதே."

கூடவே வந்திருந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார். "பொறந்த வீட்டு வாசப்படி உனக்கு வேணும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். சட்டப்படி எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு மனம். கேட்டால் பேராசைக்காரி ஆகிவிடுவாயே என்று இன்னொரு மனம். கணவரைக் கேட்டால், "உங்க வீட்டு விஷயம். நான் சொன்னா நாளைக்கு மாப்பிள்ளைதான் தூண்டிவிட்டான்னு வரும்" என்று சொல்லிவிட்டார். குழந்தையை வெயிலில் நிற்க வைக்காதே என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கடைசியில் பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

ஒரு வெள்ளிக்கிழமை கார் வந்தது. முன்பக்கம் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அண்ணன் குனிந்து என் கணவருக்கு அடிப்பக்கத்தைக் காட்டினார். கறுப்பாக, பளபளவென்று, புதுத் தார் வாசனையோடு இருந்தது. "அடியெல்லாம் புதுசா பூசியாச்சு மாப்ளே. பயப்படாம ஓட்டுங்க" என்றார்.

எல்லோரும் கோயிலுக்குப் போய் வரலாம் என்று கிளம்பினோம். அண்ணன் மகளுக்கு ஏழு வயது. ஆசையாகப் பின்கதவைத் திறந்து, இடதுபக்க ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் வந்து அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

"நீ இறங்கு. உனக்கு இதுல வாந்தி வரும்."

"வராதுப்பா. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கறேன்."

"இறங்குன்னா இறங்கு. நீ அப்பாகூட மாமா பைக்குல வா."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கினாள். "அத்தை வீட்டுச் சீட்டு அழுக்காயிடும்னு அப்பாவுக்குக் கவலைடி" என்று நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். அவள் இறங்கிய இடத்தில் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

அன்றைக்கே என் மகள் வாந்தி எடுத்தாள். கோயில் வாசலில் இறங்கும்போது முகம் வெளுத்து, கண் சொருகி, துணிபோல் துவண்டு கிடந்தாள். பால் அதிகமாகக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு காரில் போன நாளெல்லாம் இதே கதை. பாலைக் குறைத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றோடு கூட்டிப்போய்ப் பார்த்தேன். மயிலாடுதுறை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "சில குழந்தைக்கு வண்டி ஒத்துக்காதும்மா, வளர வளரச் சரியாயிடும்" என்றார். காரில் வந்த அன்று எனக்கும் தலை இடிக்கும். அதைச் சொன்னால் கணவர், "நீ பயந்து பயந்து அவளையும் பயமுறுத்தறே" என்பார். இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்தான். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறவள்.

வாய்க்காலில் இறங்கிய காலை, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். முன்பக்கத்திலிருந்து தொடங்கினேன். பூச்சு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத் திருப்புளியின் நுனியால் லேசாக நெம்பினேன். ஒரு வறட்டி அளவுக்குத் தார் அப்படியே பெயர்ந்து மடியில் விழுந்தது. அதன் உள்பக்கத்தில் இரும்பு இல்லை. சாம்பல் நிறச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. சேற்றுக்குள் நெல் உமி அளவில் சின்னச் சின்னச் சிப்பிகள். விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கழுவாமல், காயவிடாமல், உப்புச் சேற்றின் மேலேயே தாரைப் பூசியிருக்கிறார்கள். அதைவிடப் பூசாமலே விட்டிருக்கலாம். ஈரமும் உப்பும் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே உட்கார்ந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். தண்ணீர் வடிவதற்காகத் தகட்டில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றையும் தார் அடைத்திருந்தது. அதுவரை எனக்கு அண்ணன்மேல் கோபமே இல்லை. அவசரத்தில் செய்திருப்பார், பூசினவன் சோம்பேறியாக இருந்திருப்பான் என்று அவருக்காக நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

பின்பக்கம் நகர்ந்து, இடதுபக்கம் சைலன்சருக்கு மேலே சுரண்டியபோது திருப்புளி எதிலோ மெத்தென்று இறங்கியது. இழுத்தேன். துணி வந்தது. தாரில் நனைந்து விறைத்த துணி, இழுக்க இழுக்க வந்தது. நடுவில் தார் படாத ஒரு மடிப்பு இருந்தது. பச்சையில் மஞ்சள் புள்ளி.

அது என் தாவணி. பிளஸ் டூ படிக்கும்போது உடுத்தியது. முந்தானைப் பக்கம் சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்ததை நானே தைத்த தையல்கூட அப்படியே இருந்தது.

துணி வந்த ஓட்டையில் கையை விட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. திருப்புளியை விட்டேன். தடையே இல்லாமல் மேலே போனது. அதைச் சைலன்சர்மேல் அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, வாய்க்காலைவிட்டு ஏறி வந்து இடதுபக்கப் பின்கதவைத் திறந்தேன். கால்மிதியின் ரப்பர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதை விலக்கினால் திருப்புளியின் முனை தெரிந்தது. நான் குழந்தையோடு உட்காரும் இடம். ஓட்டைக்கு நேர் கீழே சைலன்சர். அதற்கும் எண்ணெய் டப்பாத் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். தகரம் வெடித்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. புகை முழுக்க மேலேதான் வந்திருக்கிறது. அதைத்தான் என் குழந்தை இத்தனை நாளும் மூச்சாக இழுத்திருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அண்ணன் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். "உனக்கு இதுல வாந்தி வரும்." இந்தக் கதவு. இந்த ஜன்னலோரம்.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பின்சீட்டுக்காரரின் மீசையைத் தொட்டுச் சிரித்தபடி வந்தாள். வாந்தி இல்லை.

ஊர் எல்லையில் பஸ் நின்றது. சாலையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தது. நெல் விளைந்த மண்ணில் உப்புத் தண்ணீர் விடாதே என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் வயல் இருக்க வேண்டும். அங்கே உயரமான கரை எழுப்பிக் குளங்கள் வெட்டியிருந்தார்கள். இறால் பண்ணை. துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டிருந்தன. கரை மண் சாம்பல் நிறம். என் மடியில் முந்தின நாள் விழுந்த அதே நிறம்.

எங்கள் வயலில் நடவு நட்ட பெண் ஒருத்தி என்னை ஜன்னலில் அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தாள்.

"என்னம்மா, குளம் பாக்க வந்தியா? போன வருஷம் பூரா உங்க அண்ணன் அந்த வெள்ளைக் கார்ல பண்ணைக்காரனை ஏத்திக்கிட்டு வந்து அளந்துகிட்டே இருந்தாரு. நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்ததாலதான் கரை போட முடிஞ்சிச்சாமே?"

போன வருஷம் பூரா. குத்தகைக்குக்கூட ஒருத்தன் வரமாட்டேங்கறான் என்று அவர் என் வீட்டில் உட்கார்ந்து சொல்வதற்கு முன்பே நடந்தது அது. பெண்கள் வழிவிட்டார்கள். பஸ் கிளம்பியது.

அண்ணன் வீட்டில் இல்லை. அம்மா எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டேன். பசிக்கவில்லை என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. கை கழுவிய பிறகு தாவணித் துண்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். கொல்லையில் கிடந்த ஏதோ ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் அம்மா அதைப் பார்த்தார்.

"இதை நீயாம்மா எடுத்துக் குடுத்தே?"

"பழசுதானேடி. சாக்கு நிக்கமாட்டேங்குது, மெத்துன்னு ஏதாச்சும் துணி குடுங்கன்னு தார் பூச வந்தவன் கேட்டான். பீரோ மேல கெடந்துச்சு."

"அந்த ஓட்டையைப் பாத்தியா?"

"அதான் அடைச்சாச்சே."

"புகை உள்ள வருதும்மா. இவளுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆகலையே" என்றார் அம்மா. பிறகு குழந்தையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "அண்ணன்கிட்ட இதெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதே. காதுகுத்து வருது. மாமன் மடி வேணுமா வேணாமா உனக்கு?"

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். மாமன் வரவில்லை என்றால் ஊரே காரணம் கேட்கும். குழந்தைக்குத் தோடு போடும் ஒவ்வொரு நல்ல நாளிலும் கேட்கும். அம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். குழந்தையின் மூச்சா, பிறந்த வீட்டு உறவா என்று அம்மா தராசைப் பிடித்திருந்தார். அதை எடைபோட நான் ஏன் ஒரு நிமிஷம் தயங்கினேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் காரை விற்றுவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் வாய்க்காலில் இறங்கி நிமிர்ந்து பார்த்தார். வெளியே வந்தபோது கேலி எதுவும் பேசவில்லை. "இந்த நிலைமையில வித்தா, வாங்கறவன் வீட்டுலயும் ஒரு புள்ளை இருக்கும்" என்றார்.

மயிலாடுதுறையிலிருந்து வெல்டர் வந்து, அழுகின தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். சைலன்சரை முழுசாக மாற்றினோம். மிச்ச வேலையை நானே செய்தேன். பழைய தாரை ஒரு பொட்டு விடாமல் சுரண்டினேன். நல்ல தண்ணீரை அடித்துச் சந்துபொந்தெல்லாம் உப்புப் போகக் கழுவினேன். கழுவிய தண்ணீரைத் தொட்டு நக்கிப் பார்ப்பேன், கரிக்காமல் போகும்வரை. பிறகு வெயிலில் நாள் கணக்கில் காயவிட்டேன். அவசரப்பட்டால் எல்லாம் வீண் என்று எனக்கு இப்போது தெரியும். கம்பி பிரஷ் போட்டு இரும்பு நிறம் தெரிந்த பிறகு துருவைத் தடுக்கும் செங்காவி ரெட் ஆக்சைடு. அது காய்ந்த பிறகு தார்ப் பூச்சு, மெல்லிசாக, இரண்டு தடவை. சைலன்சரிலும் பிரேக் குழாயிலும் படாமல் ஈரத்துணி சுற்றி வைத்தேன். தண்ணீர் வடியும் துளைகள் ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சியைச் செருகி வைத்துவிட்டுப் பூசி, பூச்சு இறுகுவதற்குள் உருவி எடுத்தேன். கொட்டகைத் தரையில் பிறகு காவிக் கறை விழவில்லை. ஆனாலும் காரில் குழந்தையை ஏற்றுவதற்கு முன்னால் நான் மட்டும் ஏறி, கண்ணாடியை மூடிக்கொண்டு, என்ஜினை ஓடவிட்டு வாசனை பார்ப்பேன். அந்தக் கார் எங்களிடம் இருந்தவரை பார்த்தேன்.

பூச்சு காய்ந்து நாங்கள் காரை எடுத்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

காதுகுத்துக்கு அண்ணன் பட்டு, பழத்தட்டு, தங்கக் கம்மலோடு மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். குறை ஒன்றும் வைக்கவில்லை. நான் குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். என் கையிலிருந்து அவர் கைக்கு மாறும்போது அவள் எடை எனக்கு அதிகமாகத் தெரிந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அண்ணன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொண்டார். அவள் வீறிட்டபோது அவர் கண்ணும் கலங்கியது. "அவ்ளோதாண்டா ராஜாத்தி, அவ்ளோதான்" என்றார். அவள் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கண்ணீர் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பந்தி முடிந்து அவர் கொல்லையில் கை கழுவ வந்தபோது கேட்டேன்.

"அண்ணே, அந்த ஓட்டை உங்களுக்குத் தெரியுமா?"

அவர் துண்டால் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"பழைய வண்டின்னா நாலு இருக்கத்தான் செய்யும்."

"உங்க பொண்ணை ஏன் இறக்கிவிட்டீங்க?"

"வாந்தி வரும்னு சொன்னேனே. உன் முன்னாலதானே சொன்னேன்?" அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நான் எதைம்மா மறைச்சேன்? சொல்லிட்டுத்தானே குடுத்தேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லையோ என்று அந்த நிமிஷத்தில்கூட என் புத்தி போனது.

சாயங்காலம் அவர்கள் கிளம்பினார்கள். பஸ் நிறுத்தம் வரை காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று என் கணவர் சாவியை எடுத்தார். கார் வாசலில் நின்றது. அண்ணன் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் போய்ப் பின்கதவைத் திறந்தேன். இடதுபக்கம்.

"ஏறுங்கண்ணே. அவளையும் ஜன்னலோரம் உக்கார வையுங்க."

அண்ணன் உள்ளே பார்த்தார். புதுக் கால்மிதி போட்டிருந்தேன். அவர் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் வாசற்படி ஏறப் போவதுபோல் அப்படியே நின்றது. பிறகு குனிந்து காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கறுப்பாக, பளபளவென்று இருந்தது.

"அடியெல்லாம் புதுசா பூசியாச்சு அண்ணே. பயப்படாம ஏறுங்க" என்றேன்.

சத்தியமாக அது உண்மை. அந்தக் காரில் அதைவிட உறுதியான இடம் வேறு இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, காலைக் கீழே வைத்தார்.

"வேணாம்மா. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. காத்தாட நடந்தே போறோம்."

"அப்பா, கார்லப்பா" என்றாள் சிறுமி.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருக்கோடி வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அவர்கள் போவது வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றேன். அவள் மட்டும் திரும்பித் திரும்பிக் காரைப் பார்த்துக்கொண்டு போனாள். உள்ளே தொட்டிலில் என் மகள் காது வலியில் சிணுங்கத் தொடங்கியிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவளிடம் போனேன்.